கதிரை

பத்திரிகைத் தொழிலுக்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இக்காலத்தில் நான் எழுதிய நினைவுக் கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. அறிஞர், கலைஞர், அரசியல்வாதி, ஆசிரியர் என்று எவர் மறைந்த செய்தி வந்தாலும் அடுத்த நாட் பத்திரிகைக்கு முக்காற் பக்கம் நிரப்பும் பொறுப்பு ஆசிரியபீடத்தில் பெரும்பாலும் என் தலையிலேயே விழும். பிறந்த ஊர், கற்ற பாடசாலை, ஆற்றிய பணி, பெற்ற விருது என்று வரிசைப்படுத்தி, 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று முடித்து அச்சுக்கு அனுப்ப ஒரு மணித்தியாலம் போதும். கைபழகிய வேலை.

ஆனால் எவரைப் பற்றி நான் முதலில் எழுதியிருக்க வேண்டுமோ, அவரைப் பற்றிப் பதினெட்டு ஆண்டுகளாக ஒரு பந்திகூட உருப்படியாக எழுத முடியவில்லை. எழுதும் வழியை இறுதியில் எனக்குக் காட்டியவை இரண்டு படங்கள். இரண்டிலும் மனிதர் எவருமில்லை. கதிரைகள் மட்டுமே உள்ளன. தமிழகத்து நண்பர்கள் நாற்காலி என்பதைத்தான் நாங்கள் கதிரை என்கிறோம். போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுச் சென்ற சொல் அது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டம் பெற்ற கையோடு 1993ஆம் ஆண்டு யாழ்நகரில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். குடாநாட்டில் 1990 முதல் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை காரணமாக அச்சுத்தாள் வருவதும் அரிதாகிவிட்டது. கொப்பிகளுக்கான கோடிட்ட தாளிலும், கடைகளில் சாமான் சுற்றும் தாளிலும் பத்திரிகை அச்சாகிய காலம் அது. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கின் வெளிச்சத்தில் நாங்கள் செய்தி எழுதுவோம். அதே வெளிச்சத்தில் அச்சுக்கோப்பாளர் ஈய எழுத்துகளைப் பொறுக்குவார். ஒப்புநோக்குநர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பிழை பார்ப்பார்.

படங்களுக்கு 'புளொக்' செய்வதற்குத் தகடும் இல்லை, அமிலமும் இல்லை. எனவே எங்கள் ஓவியர் மரத்திற் செதுக்கினார். என்னிலும் பதினைந்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணை. தச்சுப் பட்டறையிற் கழித்துவிட்ட பூவரசம் பலகைத் துண்டுகளை வாங்கி வருவார். குடைக்கம்பியையும் சைக்கிள் கம்பியையும் கல்லில் தீட்டிச் செதுக்குளி ஆக்கியிருந்தார். அவை யாவும் ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கும். அந்த ரின்னின் மூடியின் உட்புறத்தில் ஏதோ ஓர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து கிழித்த படமொன்றை ஒட்டி வைத்திருந்தார். ஓர் அறை, ஒரு மேசை, ஒரு கதிரை. தளபாட விளம்பரம் என்றே நான் எண்ணியிருந்தேன். கேட்டதில்லை.

அவர் அமர்ந்து வேலை செய்வதற்கென்று யன்னலோரத்தில் ஒரு பிரம்புக் கதிரை உண்டு. இருக்கையின் நடுவில் பிரம்பு அறுந்து குழி விழுந்திருந்தது. விற்காமல் திரும்பிய பத்திரிகைகளை மடித்து அந்தக் குழியை நிரப்பி அதன்மேல் இருப்பார். "நீர் எழுதினதுக்கு மேலதான் தம்பி நான் இருக்கிறன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒரு சம்பவத்தைக் குறிப்பிட வேண்டும். கரையோரக் கிராமம் ஒன்றில் தொழிலுக்குப் போன ஒருவர் திரும்பி வரவில்லை. அந்த வீட்டுக்குச் சென்று வந்து, இளமை வேகத்தில், கண்ணீரும் கடலலையுமாக இரண்டு பத்திகள் நிறைய எழுதினேன். அதற்குப் படம் வேண்டும். வலையுடன் ஓர் ஆண், பின்னால் வள்ளம் என்று நான் எதிர்பார்த்தேன். அண்ணை செதுக்கிக் கொண்டுவந்ததோ அடுக்களைத் தட்டில் கவிழ்த்து வைத்த ஒரு சாப்பாட்டுக் கோப்பை. வேறொன்றுமில்லை.

"ஆள் எங்கே அண்ணை?" என்று சற்றே கோபத்துடன் கேட்டேன்.

"ஆளைக் கீறினால் அது அந்த ஆள் மட்டுந்தான். கோப்பையைக் கீறினால் வாசிக்கிற எல்லாற்ற வீட்டுக் கோப்பையும் அதுதான்" என்றார். பிறகு, "நீரும் ஒருக்கால் அந்த வீட்டில என்ன வெறுமையாய்க் கிடக்குது எண்டு பார்த்து எழுதிப் பாரும்" என்றார்.

பத்திரிகை வந்த பின் பலர் அந்தக் கோப்பையைப் பற்றியே பேசினர். என் கட்டுரையைப் பற்றி எவரும் பேசவில்லை. அதில் எனக்குச் சிறிது மனத்தாங்கல் இருந்தது என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்கிறேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது எங்கள் அலுவலகமும் கலைந்தது. நான் தென்மராட்சி, வன்னி என்று அலைந்து 1996இல் கொழும்பு வந்து சேர்ந்தேன். அண்ணையின் குடும்பம் அவ்வாண்டு நடுப்பகுதியில் ஊர் திரும்பியது. சில மாதங்களின் பின், ஒரு நாள் பின்னேரம், யாரையோ பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் வீடு வந்து சேரவில்லை. அவ்வாண்டில் யாழ்ப்பாணத்தில் அவ்வாறு காணாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கானோர். அவர்களுள் ஒருவரானார் அவர்.

செய்தி கொழும்புக்கு வந்ததும் எழுதத் தொடங்கினேன். முதல் வசனத்திலேயே பேனா நின்றுவிட்டது. 'அவர் சிறந்த ஓவியராக விளங்கினார்' என்பதா, 'விளங்குகிறார்' என்பதா? தமிழில் ஒரு வினைமுற்றை எழுதுவதானால் காலத்தைத் தீர்மானித்தே ஆக வேண்டும். இறந்தகாலத்தில் எழுதினால் அவரைக் கொன்றவனாகி விடுவேன். நிகழ்காலத்தில் எழுதினால் அது பொய்யோ என்ற அச்சம். அவருடைய மனைவிக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டேன். இரண்டு வரியிற் பதில் வந்தது. நினைவுக் கட்டுரை செத்தவர்களுக்கு எழுதுவது என்றும், தம் கணவர் வருவார் என்றும் அக்கா எழுதியிருந்தார்.

2003இல் சமாதான காலத்தில் மீண்டும் முயன்றேன். 2009இல் போர் முடிந்த பின் மறுபடியும் முயன்றேன். உரிச்சொற்கள் கூடினவே தவிர அண்ணை அந்தக் கட்டுரைகளுள் வரவில்லை. எல்லாவற்றையும் கிழித்துப்போட்டேன்.

2014ஆம் ஆண்டு என் தங்கை மகளின் திருமணத்துக்காக இலண்டன் செல்ல நேர்ந்தது. திருமணச் சந்தடி ஓய்ந்த பின் ஒரு நாள், மருமகன் ஒருவன் என்னை ட்ரபால்கர் சதுக்கத்திலுள்ள தேசிய ஓவியக் கூடத்துக்கு அழைத்துச் சென்றான். அங்கே கட்டணம் இல்லை என்பதும் நாங்கள் சென்றதற்கு ஒரு காரணம். அறை அறையாகக் கடந்து வருகையில் வின்சன்ற் வான் கோவின் கதிரைக்கு முன்னால் வந்து நின்றேன்.

பலரும் அச்சிற் பார்த்திருக்கக்கூடிய ஓவியந்தான். 1888ஆம் ஆண்டின் இறுதியில் தென்பிரான்சின் ஆர்ல் நகரில் வரைந்தது. புல் வேய்ந்த இருக்கையுடைய சாதாரண மரக் கதிரை. சிவந்த தரையோடு. இருக்கையின்மேல் ஒரு புகைக்குழாயும் கொஞ்சம் புகையிலையும். பின்னால் முளைவிட்ட வெங்காயங்கள் கொண்ட பெட்டி. அதிலே 'வின்சன்ற்' என்று கையொப்பம். ஒரு மீற்றர் உயரங்கூட இல்லாத படம். ஆனால் யாரோ ஒருவர் இப்பொழுதுதான் எழுந்து போயிருக்கிறார், புகைக்குழாயை எடுக்கத் திரும்பி வருவார் என்று தோன்றியது. வருவாரா என்பதற்குப் படம் பதில் சொல்லவில்லை. மருமகன் இரண்டு அறைகள் கடந்து போய்த் திரும்பி வந்து தோளைத் தொடும்வரை அவ்விடத்திலேயே நின்றிருந்தேன்.

இதற்கு இணையாக இன்னொரு கதிரையையும் வான் கோ அதே நாட்களில் வரைந்தார். அது இப்போது ஆம்ஸ்ரர்டாமில் உள்ளது. அவருடன் தங்கியிருந்த நண்பர் கோகனுடைய கைப்பிடிக் கதிரை. இரவு நேரம். இருக்கையில் எரியும் மெழுகுதிரியும் இரண்டு புத்தகங்களும். நட்பு முறிந்துகொண்டிருந்த வேளை அது. டிசெம்பர் முடிவதற்குள் கோகன் சென்றுவிட்டார். பின்னர், 1890இல் ஒரு கலை விமர்சகருக்கு எழுதிய கடிதத்தில், நண்பர் இல்லாத இடத்தையே வரைய முயன்றதாக வான் கோ குறிப்பிட்டார். இல்லாத இடத்தை வரைவது! அடுக்களைத் தட்டிற் கவிழ்ந்திருந்த கோப்பை எனக்கு அக்கணத்தில் நினைவுக்கு வந்தது.

மறுநாளிலிருந்து தங்கை வீட்டுக்கு அருகிலுள்ள நூலகத்தில் வான் கோவைப் பற்றிய நூல்களைப் புரட்டினேன். அவற்றுள் ஒன்றிலே, நான் எதிர்பாராத வகையில், பிஸ்கற் ரின்னின் மூடியிலிருந்த படம் இருந்தது. அதே அறை, அதே மேசை, அதே கதிரை. அது தளபாட விளம்பரமன்று. சார்ள்ஸ் டிக்கன்ஸின் எழுத்தறை.

அந்தப் படத்தின் கதை பத்திரிகைக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது.

1869 டிசெம்பர் 4ஆம் திகதி இலண்டனில் 'த கிராபிக்' என்ற படவார இதழ் தொடங்கியது. நிறுவியவர் வில்லியம் லூசன் தோமஸ். அவரே ஒரு மரச்செதுக்குக் கலைஞர். அக்காலத்தில் ஓவியர் வரைந்ததைச் செதுக்குநர்கள் பொக்ஸ்வூட் என்னும் மிகக் கடினமான மரத்திற் செதுக்குவர். அம்மரத்தின் அடி பருமன் குறைந்தது என்பதால் பல சிறு கட்டைகளைச் சேர்த்து இறுக்கியே ஒரு முழுப்பக்கப் படத்துக்கான கட்டையை ஆக்க முடியும். அவசரமென்றால் கட்டைகளைப் பிரித்துப் பல செதுக்குநரிடம் கொடுத்து, செதுக்கி முடிந்ததும் மறுபடி ஒன்றுசேர்ப்பர். ஈய எழுத்தின் உயரமே கட்டைக்கும் என்பதால் எழுத்தும் படமும் ஒன்றாக அச்சேறும். ஜாம் போத்தல் விளக்கடியில் எங்கள் அண்ணை செய்தது ஏறக்குறைய இதே வேலைதான்.

அந்த முதல் இதழிலேயே இருபத்தாறு வயது இளைஞரான லூக் ஃபைல்ட்ஸின் படமொன்று வந்தது. இலண்டனின் குளிரிரவில், ஏழைகளுக்கான இரவுத் தங்குமிடத்துக்கு அநுமதிச் சீட்டுப் பெறுவதற்காகப் பொலிஸ் நிலையத்தின் வெளியே வரிசையில் நிற்கும் வீடற்ற மக்கள் அதில் இருந்தனர். ஓவியர் மில்லே அதனை டிக்கன்ஸிடம் காட்டினார். தமது புதிய நாவலான 'எட்வின் ட்றூடின் மர்ம'த்துக்குச் சித்திரக்காரர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்த டிக்கன்ஸ், இந்த இளைஞரையே அமர்த்திக்கொண்டார். பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிட்ட நாவல் அது. ஆறு பகுதிகள் எழுதியான நிலையில் 1870 ஜூன் 9ஆம் திகதி டிக்கன்ஸ் காலமானார். எஞ்சிய கதை எவருக்கும் தெரியாமலே போயிற்று.

அதன்பின் டிக்கன்ஸின் இல்லத்தில் தங்கியிருந்த ஃபைல்ட்ஸ், எழுத்தாளரின் அறையை அவர் விட்டுச்சென்றபடியே வரைந்தார். யன்னலோர மேசை, புத்தகத் தட்டுகள், மேசையிலிருந்து சற்றே விலகி நிற்கும் கதிரை. 'வெறுங்கதிரை' என்று பெயரிட்ட அப்படம் 1870ஆம் ஆண்டின் நத்தார் சிறப்பிதழில் வெளிவந்தது. டிக்கன்ஸின் உருவம் அதில் இல்லை. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்ற சொல்லும் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, நெதர்லாந்தின் ஹேக் நகரில், வறுமையில் வாடியபடி ஓவியம் கற்றுக்கொண்டிருந்தார் வான் கோ. பழைய ஆங்கிலப் படவார இதழ்களைத் தேடி வாங்கி, படங்களை வெட்டி அட்டைகளில் ஒட்டிச் சேகரிப்பது அவருடைய பழக்கம். 1883இன் தொடக்கத்தில் 'த கிராபிக்' இதழின் 21 தொகுதிகளை ஒருசேர வாங்கினார். அவர் சேகரித்தவற்றுள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் ஆம்ஸ்ரர்டாமிற் பாதுகாக்கப்படுகின்றன. ஃபைல்ட்ஸின் வெறுங்கதிரையைப் பற்றி 1882 டிசெம்பரில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் நெகிழ்ந்து குறிப்பிட்டிருக்கிறார். அதற்கும் முன்னரே கதிரை அவரை அழவைத்ததுண்டு. 1878இல் ஆம்ஸ்ரர்டாமிற் கற்றுக்கொண்டிருந்தபோது தம்மைப் பார்க்க வந்த தந்தையை நிலையத்தில் புகைவண்டி ஏற்றிவிட்டு அறைக்குத் திரும்பியவர், மேசையருகே தந்தையின் கதிரையையும் முதல்நாள் அவர் பார்த்த புத்தகங்களையும் கண்டதும் குழந்தையைப் போல அழுததாகக் கடிதத்தில் எழுதினார். ஃபைல்ட்ஸின் கதிரைக்கும் ஆர்லில் வரைந்த கதிரைகளுக்கும் கலை வரலாற்றாய்வாளர்கள் உறவு காண்பது இவற்றாலேயே.

எண்ணிப் பாருங்கள். பத்திரிகைப் படம் ஒன்று ஒரு நாவலாசிரியரைத் தொட்டது. அந்த நாவலாசிரியரின் மறைவு இன்னொரு பத்திரிகைப் படத்தைத் தந்தது. அப்படம் ஓர் ஏழை ஓவியரின் அட்டையில் ஒட்டப்பட்டது. நூறாண்டு கடந்து, எந்தப் பழைய புத்தகத்திலிருந்தோ கிழிபட்டு, யாழ்ப்பாணத்தில் ஒரு பிஸ்கற் ரின்னின் மூடிக்கும் வந்து சேர்ந்தது. அங்கிருந்து ஒரு சாப்பாட்டுக் கோப்பை பிறந்தது. கலைஞனுக்கு உந்துதல் எங்கிருந்தோ மின்னல்போல் வருவதாக மாணவப் பருவத்தில் நம்பியிருந்தேன். இங்கே அது மலிவான தாளில் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. நாளைக்கு மீன் சுற்றப் போகிற தாள்தானே என்று எங்கள் தொழிலைப் பற்றி நாங்களே பேசிக்கொள்வதுண்டு. அந்தத் தாளை வெட்டி ஒட்டி வைப்பவர் எங்கே இருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது.

இன்னொன்றும் விளங்கியது. பதினெட்டு ஆண்டுகள் நான் தடுமாறியது சொற்பஞ்சத்தால் அன்று. இறந்தார் என்றோ இருக்கிறார் என்றோ தீர்ப்புச் சொல்வது எழுதுபவனின் கடமை என்று நினைத்திருந்தேன். டிக்கன்ஸின் கதிரை ஒரு மரணத்தைச் சொல்கிறது. கோகனின் கதிரையோ பிரிவைச் சொல்கிறது. இருந்தவர் அங்கில்லை என்பதற்கு மேல் கதிரை எதையும் சொல்வதில்லை. எங்களுக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதலாம். பத்திரிகைத் தொழிலின் முதற் பாடமும் அதுவே. நம் நாட்டின் சட்டமே 2016இல்தான் அவ்விடத்துக்கு வந்தது. காணாமற்போனவர்களின் குடும்பத்தார் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழைப் பெற அவ்வாண்டு வழி செய்யப்பட்டது. ஒரு மரச்செதுக்குப் படம் 1870இல் அறிந்திருந்த வேறுபாடு அது.

அவ்வாண்டு டிசெம்பரில் யாழ்ப்பாணம் சென்று அக்காவைக் கண்டேன். தலை முழுவதும் நரைத்திருந்தது. பனங்கட்டியோடு வெறுந்தேநீர் தந்தார். விறாந்தையின் மூலையில், யன்னலோரமாக, அண்ணை வீட்டில் வேலை செய்யும் கதிரை இருந்தது. அதுவும் பிரம்புக் கதிரைதான். அதன்மேல் அந்தப் பிஸ்கற் ரின். கேட்டு வாங்கித் திறந்தேன். குடைக்கம்பி உளிகள் துருவேறியிருந்தன. மூடியில் ஃபைல்ட்ஸின் படம் பழுப்பேறி, ஓரங்களிற் பூச்சி அரித்து, அப்படியே இருந்தது. அதன் கதையை நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் எனக்கு இதைச் சொல்லேல்லை" என்றார்.

"அக்கா, நான் அண்ணையைப் பற்றி எழுதேல்லை. இந்தக் கதிரையைப் பற்றி எழுதட்டா?" என்று கேட்டேன்.

நெடுநேரம் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கதிரையைப் பற்றி எண்டால் எழுதும்" என்றார்.

2015இல் அக்கட்டுரை ஞாயிறு இதழில் வெளியானது. சிறிய கட்டுரை. பலகைத் துண்டுகள், குடைக்கம்பி, மடித்த பத்திரிகை, கவிழ்த்த கோப்பை, கதிரை. உரிச்சொற்கள் மிகக் குறைவு. அவர் காணாமற்போன நாளைக் குறிப்பிட்டு அதோடு நிறுத்திக்கொண்டேன். நான் எழுதியவற்றுள் அதிகமான கடிதங்களைக் கொண்டுவந்தது அதுதான். கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் எழுதியவர்கள் தத்தம் வீட்டில் வெறுமையாய்க் கிடக்கும் ஏதோ ஒரு பொருளைப் பற்றி எழுதியிருந்தனர். ஒருவர் ஒரு சோடிச் செருப்பு. ஒருவர் சாய்மனைக் கதிரை. ஒரு தாய், பத்தாம் வகுப்புக் கணிதக் கொப்பி.

அதன்பின் ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்காவைப் பார்த்து வருகிறேன். கடைசியாகப் போனபோது விறாந்தையில் கதிரையைக் காணவில்லை. என் முகம் மாறியதைக் கவனித்திருக்க வேண்டும்.

"பிரம்பு பின்னக் குடுத்திருக்கிறன் தம்பி" என்றார். "நடுவில அறுந்துபோச்சு. வந்தால் இருக்க வேணுமே."